சமையலறைக்குள் வந்த மாவுக்கட்டு

“மிஷின் படிப்பு படிச்சிட்டு செருப்பு கம்பெனிக்கா போற? அதுக்கு உங்கம்மா கூடவே போய் உட்கார்ந்திருக்கலாமே. புஸ்தகம் தூக்கின தோளுவலியாவது மிச்சமாயிருக்கும்.”

எனக்கு வேலை கிடைத்த அன்று என் பெரியப்பா சொன்ன வாழ்த்து இது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய், பாஸ் செய்து, அதற்கு மேலும் படித்த முதல் ஆள் நான். அம்மா ஆம்பூரில் ஒரு ஷூ ஃபேக்டரியில் மேல்தோல் தைக்கிறவர். அவர் தைத்த ஷூக்கள் கப்பலேறின. நான் பயோமெடிக்கல் டிப்ளமா வாங்கி, ஈ.சி.ஜி. மிஷினோடு வாழப்போகிறேன் என்று தெருவே நினைத்துக்கொண்டிருந்தது.

“செருப்பு கம்பெனி இல்ல பெரியப்பா. பயோமெடிக்கல் கம்பெனி.”

“அப்படின்னா?”

“மனுஷன் உடம்புக்கு வேணுங்கறத செய்யற கம்பெனி.”

“செருப்பும் உடம்புலதானேம்மா போடறோம்?”

அவருக்குச் சொல்லவேண்டிய பதில் அப்போது என்னிடம் இல்லை. அது கிடைப்பதற்குள் என் முதலாளியம்மாவோடு நான் பல முறை சண்டை போடவேண்டியிருந்தது.

பாலாற்றின் இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் எங்கே தேடினாலும், எங்கள் மேடத்தைப் போல அத்தனை முறை கழுத்து பிசகி, இடுப்பு ஒடிந்து, முட்டி கழன்று, மறுநாள் காலை எதுவுமே ஆகாதவராக வேலைக்கு வந்த இன்னொரு மனிதப் பிறவி கிடையாது. அவருடைய பெயரைச் சொன்னால் ஆம்பூரில் யாருக்கும் தெரியாது. ‘மாவுக்கட்டு மேடம்’ என்றால் பஸ் நிலையத்து வெள்ளரிக்காய்க்காரர்கூட வழி சொல்வார்.

தொண்ணூறுகளின் கடைசி. மூடிப்போன ஒரு டேனரியின் ஷெட்டை வாடகைக்கு எடுத்து மேடம் கம்பெனி நடத்திவந்தார். தோல் ஊறவைத்த தொட்டிகள் காலியாகக் கிடந்தன. வாசனை மட்டும் காலி செய்ய மறுத்தது. அங்கேதான் கழுத்துப் பட்டை, இடுப்பு பெல்ட், முட்டி உறை, உணர்ச்சி மரத்த கால்களுக்கான மெத்து ரப்பர் செருப்பு எல்லாம் தயாராயின. எந்தப் புது மாடல் வந்தாலும் முதலில் அதை மேடம் போட்டுக்கொள்வார். ஷெட்டுக்குள் போட்டுப் பார்த்துக் கழற்றும் வேலையெல்லாம் இல்லை. வேலூரிலிருந்து ஆம்பூருக்கு பஸ்ஸில் அதைப் போட்டுக்கொண்டே வருவார், போவார், காய்கறி வாங்குவார், கல்யாணத்தில் சாப்பிடுவார்.

திங்கட்கிழமை கழுத்தில் பட்டையோடு ஏறிய அம்மாள் வியாழக்கிழமை முட்டியில் உறையோடு ஏறினால் ஒரு கண்டக்டர் என்ன செய்வார்? பெயர் வைப்பார். அவருக்கென்று டிரைவருக்குப் பின்னால் ஒரு சீட்டையும் ஒதுக்கி வைத்தார்.

“எழுந்திரு நைனா, மாவுக்கட்டு மேடம் வர்றாங்க. அவங்களுக்கு நேரமே சரியில்ல.”

மேடத்தின் வீட்டுக்காரர் ஒரு ஃபிசிக்ஸ் வாத்தியார். வீட்டுக்குள் கரப்பான்பூச்சி வந்தால் காகிதத்தில் ஏந்திக்கொண்டு போய்த் தோட்டத்தில் விடுகிற மனிதர். ஒரு நாள் அவர்கள் சர்ச்சின் பெண்கள் சங்கத்தார் திரண்டு வந்து அவர் முன் உட்கார்ந்தார்கள்.

“சார், நீங்க படிச்சவரு. இன்னா கோவம் இருந்தாலும் கைய நீட்டலாமா?”

“நான் எதையுமே நீட்டலையேம்மா.”

“அப்போ அவங்க கழுத்து?”

“அது புது மாடல்.”

யாரும் நம்பவில்லை. விஷயம் மேடத்தின் காதுக்குப் போயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வெறும் கழுத்தோடு சர்ச்சுக்கு வந்தார். பட்டை வாத்தியாரின் கழுத்தில் இருந்தது. ஆண்கள் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டியிருந்ததாம். பெண்கள் சங்கத்தில் அன்றைக்குக் கண்ட மகிழ்ச்சியைக் கிறிஸ்துமஸில்கூடக் காணமுடியாது. “பரவால்ல, திருப்பிக் குடுத்துட்டாங்க” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்களாம்.

என்னுடைய இன்டர்வியூவுக்கும் கழுத்துப் பட்டையோடுதான் வந்தார். தலையைத் திருப்ப முடியாமல் உடம்பு முழுவதையும் என் பக்கம் திருப்பி உட்கார்ந்தார்.

“இதுல இன்னா தப்பு? சொல்லு.”

நான் டிப்ளமாவில் படித்ததையெல்லாம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். கழுத்துப் பட்டை எந்தப் பாடத்திலும் வரவில்லை.

“போட்டுப் பார்க்காம எப்படி மேடம் சொல்றது?”

அவர் பட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “போட்டுக்க. போட்டுக்கினே வூட்டுக்குப் போ. நாளைக்கு வந்து சொல்லு.”

அம்மா என்னைப் பார்த்து அலறியதில் பக்கத்து வீட்டு ஷம்ஷாத் அக்கா அடுப்பை அணைக்காமல் ஓடி வந்தார். மறுநாள் போய், “இடது தாடைக்குக் கீழ குத்துது” என்றேன். “கரெக்ட். எனக்கும் அங்கதான்” என்றார் மேடம். அவ்வளவுதான் இன்டர்வியூ.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஆபீஸ் கூட்டம். அதில் எல்லோரும் ஏதாவது ஒன்றை மாட்டிக்கொண்டு உட்காரவேண்டும். கணக்குப் பார்க்கும் தேவராஜ் அண்ணன் வலது கையில் மணிக்கட்டுப் பட்டையோடு சாம்பார் சாதம் சாப்பிட்டதில் சாம்பாரில் பாதி சட்டைக்குப் போயிற்று. “கை முறிஞ்சவன் இன்னா, பட்டினியா கிடக்கணுமா? விரல் மடங்கற மாதிரி மாத்துங்க” என்று மேடம் அங்கேயே மாடலைத் திருத்தினார். அண்ணனின் சட்டையைப் பற்றி எந்தத் தீர்மானமும் எடுக்கப்படவில்லை.

ஒரு முறை சென்னையிலிருந்து தலைமைப் பண்பு பற்றி வகுப்பெடுக்க ஒருவர் வந்தார். கோட்டு, டை. தலைவன் என்பவன் எல்லோருக்கும் முன்னால் நிற்பவன் என்று ஆரம்பித்தார். மேடம் கை தூக்கினார்.

“முன்னால நின்னா இன்னா சார் தெரியும்? போட்டுக்கணும். நாம விக்கறத முதல்ல நாம போட்டுக்கணும்.”

மதியம் அந்த மனிதர் இடுப்பு பெல்ட்டோடு வகுப்பெடுத்தார். குனிய முடியாததால் வகுப்பு கொஞ்சம் மேம்பட்டது.

வேலூர் கடைக்காரர் ஒருவர், “இம்போர்ட் மால் இருக்கும்போது உங்க லோக்கல் சரக்கை யார் மேடம் வாங்குவாங்க?” என்று கேட்டபோதும் அவர் அசரவில்லை. “உங்க கடைக்கு வர்றவங்க கழுத்து இம்போர்ட்டா? லோக்கல்தானே?” என்றார்.

இப்படிப்பட்டவரோடு எனக்கு என்ன சண்டை என்று கேட்பீர்கள். சண்டை என் அம்மாவின் கால்.

அம்மாவுக்கு சுகர். பாதங்களில் உணர்ச்சி குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் வீட்டுக்குள் நடந்த இடமெல்லாம் சிவப்பாகப் பொட்டு வைத்தது போலிருந்தது. பார்த்தால், தையல் ஊசி ஒன்று முறிந்து அவர் பாதத்தில் ஏறியிருக்கிறது. அம்மாவுக்குத் தெரியவே இல்லை. அதோடு சமைத்து, துவைத்து, தண்ணீர் பிடித்திருக்கிறார். புண் ஆற நெடுநாளாயிற்று. “இன்னொரு புண் வந்தா பாதத்தைக் காப்பாத்தறது கஷ்டம். வீட்டுக்குள்ளயும் வெறுங்காலோட நடக்கக்கூடாது” என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

எங்கள் கம்பெனியிலேயே அதற்கான செருப்பு இருந்தது. ஒரு ஜோடி கொண்டுபோனேன்.

“வூட்டுக்குள்ள செருப்பா?” என்றார் அம்மா. “நாள் பூரா ஷூவோட மாரடிக்கிறேன். அதுல ஒண்ணுகூட என் வாசப்படி தாண்டினது கெடையாது. பைபிள் இருக்கற வூடு, சோறு பொங்கற எடம். வெளிய வை.”

வெளியே வைத்த செருப்பில் தெருநாய் குட்டி போட்டது.

மேடத்திடம் போய், வீட்டுக்குள் போட ஒரு மாடல் வேண்டும் என்று நின்றேன். அவர் உற்சாகமாகிவிட்டார். மயில் கழுத்து நிறத்தில் ஒன்று, பூப்போட்டது ஒன்று, புதுப்பெண் போடுவது போல ஜரிகை வைத்தது ஒன்று. மேடத்துக்கு ஒரு கொள்கை உண்டு: தன் கம்பெனி சாமான் எதைப் போட்டாலும் ஒருவர் நோயாளி மாதிரி தெரியக்கூடாது. அதனால்தான் எங்கள் முட்டி உறைகளெல்லாம் திருவிழாப் பலூன் நிறங்களில் வரும்.

மூன்றையும் அம்மா கையில் வாங்கிப் பார்த்தார். “அழகா கீது. வாசல்ல வை.”

மேடமோ அந்தச் செருப்புகளைத் தன் வீட்டுக்குள் வாரக்கணக்கில் போட்டு நடந்தார். சமையல்கார அம்மாள் வேலையை விட்டு நின்றார். “எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லையே, நல்லாத்தானே இருக்கு?” என்று வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் சொன்னார்.

எனக்கு அடக்க முடியவில்லை. “உங்க காலுக்கு உணர்ச்சி இருக்குது மேடம். ஊசி ஏறினா நீங்க கத்துவீங்க, எங்கம்மா சோறு பொங்குவாங்க. உங்க வூட்ல நீங்க முதலாளி, எங்க வூட்ல வாசப்படி முதலாளி. உங்க டெஸ்ட் செல்லாது.”

தேவராஜ் அண்ணன் இடுப்பு பெல்ட்டைத் தானாகவே இறுக்கிக்கொண்டார்.

“வெளியில போ” என்றார் மேடம்.

போனேன். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். பெரியப்பாவின் முகம் ஷெட்டின் ஓட்டுக்கு மேலே நிலா மாதிரி தெரிந்தது. ஆனாலும் சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொள்ளும் எண்ணம் எனக்கு இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மேடம் எட்டிப் பார்த்தார்.

“எந்த வாசப்படி முதலாளியோ, அதை எனக்குக் காட்டு. ஞாயித்துக்கிழமை வர்றேன்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வரமுடியவில்லை. அதற்கு முன்பே, பழைய தோல்தொட்டி ஓரத்தில் வழுக்கி விழுந்துவிட்டார்.

இடுப்பு பெல்ட் தாங்குகிறதா என்று பார்க்க அவர் வேண்டுமென்றே விழுவது எங்களுக்குப் பழகிய காட்சி. அதனால் ஒருவரும் நகரவில்லை. சூப்பர்வைசர் கைதட்டினார். தேவராஜ் அண்ணன், “இந்த வாட்டி விழுந்தது ரொம்ப நேச்சுரலா இருந்துது மேடம்” என்றார். வழக்கமாக விழுந்த இடத்திலிருந்தே “இங்க குத்துது, அங்க இழுக்குது” என்று கத்துகிறவர் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அதைப் பார்த்துத்தான் நான் ஆட்டோ பிடிக்க ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் நிலைமை இன்னும் மோசம். எலும்பு டாக்டருக்கு மேடத்தைப் பல வருடங்களாகத் தெரியும்.

“வாங்க மேடம். இன்னிக்கி இன்னா மாடல்?”

“கணுக்கால் ஒடஞ்சிருக்கு டாக்டர்.”

“சரி, சரி. எந்த கணுக்காலுக்கு டிசைன் பண்றீங்க?”

எக்ஸ்ரே வந்த பிறகுதான் அவர் சிரிப்பதை நிறுத்தினார். மாவுக்கட்டு மேடத்துக்கு வாழ்க்கையில் முதல்முறையாக மாவுக்கட்டு போடப்பட்டது. அடியில் நடப்பதற்கென்று ஒரு ரப்பர் குதிகாலும் வைத்து அனுப்பினார்கள். ஆட்டோவில் ஏறும்போதே, “உள்ளங்கால்ல அரிக்குது. சொறிய வழி வைக்கல பாரு, முட்டாப்பசங்க” என்றார். எனக்கு உயிர் வந்தது.

நடக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, வாத்தியார் தோளைப் பிடித்துக்கொண்டு மேடம் எங்கள் வீட்டுக்கு வந்தார். முந்தின நாள் மழை. எங்கள் தெரு களிமண் குழம்பாகக் கிடந்தது. வாத்தியார் வாசலிலேயே செருப்பைக் கழற்றி, காலைக் கழுவி, கால் துடைக்கத் துணி கேட்டுக்கொண்டு நின்றார். மேடம் நிற்கவில்லை. கறிக்குழம்பு வாசனை வந்த திசையில் டக், டக் என்று நடந்து நேராகச் சமையலறைக்குள் போய்விட்டார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். வீட்டில் இடி விழப்போகிறது என்று நினைத்தேன்.

“அய்யோ, இந்தக் காலோட எதுக்கும்மா நடந்து வந்தீங்க?” அம்மா மணையை இழுத்துப் போட்டார். “உட்காருங்க. காலை நல்லா நீட்டிக்கங்க. இன்னா பேஜாரு இது.”

நீட்டிய கால் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இருந்தது. குதிகாலில் எங்கள் தெரு முழுவதும் ஒட்டிக்கொண்டிருந்தது.

“அம்மா, அந்த கட்டு பஸ் ஸ்டாண்டுலருந்து நடந்து வந்துது. சேறு பாரு.”

“தொடச்சா போவுது. அடிபட்ட காலுடி. கட்டைக் கழட்டி வாசல்ல வெச்சிட்டா வருவாங்க?”

நான் பைக்குள் கைவிட்டு ஜரிகைச் செருப்பில் ஒரு புது ஜோடியை எடுத்தேன். “இது இப்பதான் பொட்டியிலருந்து வருது. தெருவே பார்த்ததில்ல.”

“செருப்பு செருப்புதான். எடுத்துக்கினு போ வெளிய.”

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் கரண்டியில் ஊதிக்கொண்டிருந்த குழம்போடு என்னைப் பார்த்தார்.

“மேடம், கட்டு மாதிரி செய்வோம். வெள்ளைத் துணி. மேல சுத்தி ஒட்டற மாதிரி. ரப்பர் உள்ள மறைஞ்சிருக்கணும்.”

“செய்ய மாட்டேன். பார்த்தா நோயாளின்னு தெரியும். என் கம்பெனியில அது நடக்காது.”

“தெருவுல நோயாளியா தெரியக்கூடாது, ஒத்துக்கறேன். வூட்டுக்குள்ள செருப்பா தெரியக்கூடாது. இது தெருவுக்குப் போகாது மேடம்.”

“ரிஜெக்ட்.”

“நாள் பூரா நோயாளி மாதிரி சுத்தறது நீங்க. அதனாலதானே பஸ்ல சீட்டு கிடைக்குது? எங்கம்மாவுக்கு அவங்க சமையல்கட்டுல நிக்க எடம் கிடைக்கணும். அவ்வளவுதான் நான் கேக்கறது.”

வாசலில் நின்ற வாத்தியார், “அந்தப் பொண்ணு சொல்றது சரிதாம்மா” என்றார். அந்த மனிதர் மனைவிக்கு எதிராகப் பேசியதை அன்றைக்குத்தான் முதலும் கடைசியுமாகக் கேட்டேன்.

“இவங்க எதுக்கு என் வூட்ல வந்து சண்டை போடறாங்க?” என்று அம்மா என்னைக் கேட்டார். மேடம் இன்னொரு கரண்டி குழம்பு கேட்டார். அதற்குச் சம்மதம் என்று பொருள்.

‘வீட்டுக் கட்டு’ அப்படித்தான் பிறந்தது. முதல் ஜோடியை நானே தைத்தேன். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தையல் கோணலா போவுதே. யாரு தெச்சது?”

“நான்தான்.”

“தெரியுது.”

போட்டுக்கொண்டார். சமையலறைக்குள் போனார். ஷம்ஷாத் அக்கா வாசலிலிருந்தே கண்டுபிடித்துவிட்டார்.

“கால்ல இன்னாக்கா அது?”

“கட்டு. சுகருக்கு.”

“செருப்பு மாதிரி இல்ல கீது?”

“கட்டுன்னு சொல்றேன், அப்புறமும் இன்னா?”

அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. வெளியில் சொல்ல ஒரு வார்த்தை தேவைப்பட்டது, அதை நாங்கள் வெல்க்ரோ ஒட்டுப்பட்டை வைத்துத் தைத்துக் கொடுத்திருந்தோம்.

ஆஸ்பத்திரிகளில் முதலில் சிரித்தார்கள். “பேண்டேஜ் மாதிரி இருக்கே மேடம், டிசைன் மாத்துங்க” என்றார் ஒரு பெரிய டாக்டர்.

“உங்க ஷூவோட உங்கம்மா சமையல்கட்டுக்குள்ள போய்ட்டு வாங்க டாக்டர். அப்புறம் பேசலாம்” என்றார் மேடம். எல்லாம் தன் யோசனை என்பது போல அவர் பேசியதில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் என் பக்கம் முழு உடம்பையும் திருப்பினார். கழுத்தில் பட்டை. “இது இந்தப் பொண்ணோட டிசைன். நான் வேணாம்னுதான் சொன்னேன். கேக்கல.”

சில மாதங்கள் கழித்து அம்மாவின் வீட்டுக் கட்டைத் துவைக்க எடுத்தபோது அடியில் ஏதோ மின்னியது. முறிந்த தையல் ஊசி. ரப்பரில் ஏறி நின்றிருந்தது. அம்மாவின் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. “இன்னாடி, கூசுதா பாக்கறியா?” என்று கேட்டார்.

மறுநாள் ஊசியைக் காகிதத்தில் மடித்து மேடத்தின் மேஜைமேல் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“எவ்வளவு தூரம் ஏறியிருந்துது?”

“பாதி ரப்பர்.”

“இன்னும் கொஞ்சம் தடிமன் ஏத்து” என்றார். மூக்கை உறிஞ்சினார். ஜலதோஷம் என்று நாங்கள் இருவரும் முடிவு செய்துகொண்டோம்.

பெரியப்பாவுக்கும் இப்போது சுகர். போன பொங்கலுக்கு வந்தவர், ஷெட்டைப் பற்றியும் என் வேலையைப் பற்றியும் சுற்றிச் சுற்றிப் பேசினார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, “எனக்கும் ஒரு ஜோடி எடுத்தாம்மா” என்றார்.

“செருப்பா பெரியப்பா?”

“இல்ல, இல்ல. கட்டு.”

அவருக்குச் சொல்லவேண்டிய பதிலை அளவெடுத்துத் தைத்துக் கொடுத்தேன்.

சொந்தமாகத் தொழில் தொடங்க பள்ளிகொண்டாவில் ஒரு சின்ன ஷெட் பிடித்திருக்கிறேன். சாவி கைக்கு வந்துவிட்டது, இரண்டு தையல் மிஷின்களும் இறங்கிவிட்டன. மேடத்திடம் சொன்னபோது திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் டிராயரைத் திறந்து, இன்டர்வியூ அன்று நான் வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போன அந்தப் பழைய கழுத்துப் பட்டையை எடுத்துக் கொடுத்தார். “இதை மட்டும் நான் சரியாவே முடிக்கல. நீ முடி” என்றார்.

நேற்று அதைப் போட்டுக்கொண்டு ஆம்பூரில் பஸ் ஏறினேன். அதே கண்டக்டர், தலை நரைத்திருந்தது.

“இன்னாம்மா ஆச்சி? புருஷன் அடிச்சானா?”

“இன்னும் கல்யாணமே ஆவலண்ணா.”

“அப்போ யாரு?”

“எங்க மேடம் குடுத்தது.”

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். டிரைவருக்குப் பின்னால் இருந்த பையனை எழுப்பிவிட்டார். “உட்காரு. மாவுக்கட்டு மேடத்தோட சீட்டு.”

உட்கார்ந்தேன். இடது தாடைக்குக் கீழே இன்னும் குத்தியது. பள்ளிகொண்டா வரும்வரை நான் அதைக் கழற்றவில்லை.